தூணுக்குள் ஒரு பறவை

வில்லியம் ஹாட்ஜஸின் ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதி பல மாதங்களாக என் மேசைமேல் கிடக்கிறது. நியூசிலாந்தின் குக் நீரிணையில், ஸ்டீபன்ஸ் முனைக்கு அருகில், மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே எழுந்து நிற்கும் நீர்த்தூண்களை அவர் வரைந்திருக்கிறார். 1776இல் முடித்த தைல ஓவியம். மூலம் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த மேகம், கலங்கிய கடல், அதில் சிறுத்துப்போன ஒரு கப்பல், முன்னால் கரைப்பாறைமேல் சில மனிதர்கள். காலையில் செய்தித்தாளை நகர்த்தும்போது அது கீழிருந்து வெளிப்படும். பார்ப்பேன், மறுபடி மூடிவிடுவேன். மூடிய பிறகு கண்ணில் நிற்பது அந்தத் தூண்கள் அல்ல. கேப்டன் குக் தன் பயண நூலில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு பறவைதான். ஒரு வரிக்குள் வந்து மறைந்துவிடும் அந்தப் பறவை எனக்குள் இவ்வளவு காலம் ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாகப் புரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1773ஆம் ஆண்டு மே 17, மாலை நான்கு மணி. ‘ரெசல்யூஷன்’ கப்பல் ஸ்டீபன்ஸ் முனையை நெருங்கியபோது காற்று திடீரென்று செத்துப்போனது, மேகம் திரண்டது. ஆறு நீர்த்தூண்கள் தோன்றியதாகக் குக் எழுதுகிறார். நான்கு, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே எழுந்து அங்கேயே ஓய்ந்தன. ஐந்தாவது கடலின் பக்கம் விலகி நின்றது. ஆறாவது இரண்டு மூன்று மைல் தொலைவில் பிறந்து, நேராக வராமல் வளைந்து வளைந்து வந்து, கப்பலின் பின்புறத்தை ஐம்பது கஜ தூரத்தில் கடந்துபோனது. அதன் அடிப்பகுதி ஐம்பது அறுபது அடி அகலம் இருக்கும் என்று கணித்திருக்கிறார். அந்த வட்டத்துக்குள் கடல் கொதித்து நுரைத்தது. அவ்வளவு அருகில் கடந்தும் கப்பலில் இருந்தவர்கள் அதன் விளைவு எதையும் உணரவில்லை. நுரையிலிருந்து ஒரு குழாய் உருவாகி, அதன் வழியே நீரோ காற்றோ அல்லது இரண்டுமோ சுழன்று மேலே போனது என்று எழுதுகிறார். கடற்படங்கள் வரைவதில் அவ்வளவு துல்லியம் பார்த்த மனிதர் இந்த இடத்தில் மட்டும் மூன்றில் எது என்று தீர்மானிக்காமல் விட்டிருக்கிறார். அந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குப் பிறகுதான் பறவை வருகிறது. பக்கத்தில் வந்த தூணுக்குள் ஒரு பறவை இருந்தது என்றும், இறைச்சி வாட்டும் கம்பியைத் திருப்புகிற பொறியின் சக்கரம்போலச் சுழன்றுகொண்டே மேலே போனது என்றும் கப்பலில் இருந்த சிலர் சொன்னார்களாம். தான் பார்த்ததாகக் குக் சொல்லவில்லை. சிலர் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பத்து வயதில் நான் ஒரு சுழிக்காற்றுக்குள் ஓடியிருக்கிறேன். எள் அறுத்த நிலம், சித்திரை வெயில், மத்தியானம். வரப்புக்கு அந்தப் பக்கம் சருகையும் செம்மண்ணையும் சுருட்டிக்கொண்டு பனை உயரத்துக்கு ஒரு தூண் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். அது நகர்ந்தாலும் நிற்பதுபோலவே இருந்தது. எங்கள் பக்கம் அதைப் பேய்க்காற்று என்பார்கள். அப்பத்தா திண்ணையிலிருந்து, “உள்ள போகாதடா, மூணு தரம் துப்புடா” என்று கத்தியது காதில் விழுந்தது. கூட வந்த பையன்களில் ஒருவன் செருப்பைக் கழற்றி அதன்மேல் எறிந்தான். நான் ஓடினேன். உள்ளே போனதும் தூணைக் காணவில்லை. கன்னத்தில் மணல் குத்தியது, சட்டை உப்பியது, காதுக்குள் ஓர் இரைச்சல், மூடிய கண்ணுக்குள் சிவப்பு. எது அடிவாரம், எது சுவர், எங்கே நடு என்று ஒன்றும் இல்லை. சில நொடிகளில் என்னை விட்டு அது நகர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஓடைப்பக்கம் அதே தூண் அதே நேர்த்தியோடு போய்க்கொண்டிருந்தது. நான் இப்போது இருந்துவிட்டு வந்த இடம் அதுதான் என்று நம்ப முடியவில்லை. வெளியே இருப்பவனுக்குத்தான் அது தூண் என்பது அன்று எனக்குச் சொற்களாகத் தெரியாது. ஆனால் ஏமாந்துவிட்ட உணர்வு இருந்தது. அந்த ஏமாற்றம் இன்றும் இருக்கிறது.

நீர்த்தூண் என்று எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு பாதிகளுமே எனக்குச் சம்மதமில்லை. இத்தாலியர் அதைக் கடலின் எக்காளம் என்கிறார்கள். ஸ்பானியர் சட்டைக்கை என்கிறார்கள். சீனத்தில் அது நீரை உறிஞ்சும் டிராகன். எக்காளமும் கையும் மிருகமும் உருவத்தைச் சொல்லுகின்றன. நாம் நீர் என்று பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் அந்தக் குழாய் கடல்நீர் அல்ல. சுழலும் காற்றின் நடுவே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்குள் வரும் ஈரக்காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்ததும் அதிலிருக்கும் ஈரம் நுண்துளிகளாகிறது. மேகம் எப்படி உண்டாகிறதோ அப்படியேதான். ஆகவே அது கீழே நீண்டுவிட்ட ஒரு மேகம், அதன் நீர் உப்பில்லாத நீர். உண்மையான கடல்நீர் அடியில் சிதறும் திவலையில் மட்டும் இருக்கிறது, அதுவும் குழாயின் உயரத்தில் சிறு பங்குக்குத்தான் எழும்பும். கடலை மேலே உறிஞ்சுவது நடக்கவே முடியாத காரியம். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும், அவ்வளவே. முழுவதும் வெற்றிடமாகவே இருந்தாலும் பத்து மீட்டருக்கு மேல் நீர் ஏறாது. அடிபம்பு வைத்த கிணற்றில் ஆழம் கூடினால் தண்ணீர் வராமல் போவதும் இதே கணக்குத்தான். இன்னொன்றும் இருக்கிறது. மேகத்திலிருந்து குழாய் மெல்ல இறங்கி வருவதாகத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இறங்குவது துளியாகும் எல்லைதான். உள்ளே காற்று அந்த நேரம் முழுவதும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கண் கீழே போகிறது, காற்று மேலே போகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் ஓவியத்தைப் பார்க்கையில் கடல் மேலே போவதாகவே என் கண் சொல்கிறது. அறிவு அதைத் திருத்தவில்லை.

திருத்த முடியாததற்கு நம் மொழியும் ஒரு காரணமோ என்று சில சமயம் நினைத்ததுண்டு. மேகம் கடலைக் குடித்து ஏறுகிறது என்பது தமிழில் மிகப் பழைய பேச்சு. முல்லைப்பாட்டு அந்த மேகத்தோடுதான் தொடங்குகிறது. திருப்பாவையின் நான்காம் பாட்டில் ஆண்டாள் மழைத் தெய்வத்தைக் கடலுக்குள் புகுந்து முகந்துகொண்டு ஏறச் சொல்கிறாள்; மார்கழி விடியலில் லவுட்ஸ்பீக்கரில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல்மேல் ஒரு தும்பிக்கை இறங்குவதைப் பார்த்தால் நமக்கு வேறென்ன தோன்றும்? கைபேசியில் அத்தகைய காட்சி வரும்போதெல்லாம் கடல்நீரை மேகம் உறிஞ்சுகிறது என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். முதலில் இதைப் பிழை என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், பிழை நம் கவிகளுடையதல்ல. மேகம் கடலைக் குடிப்பது மெய். பகலும் இரவும், எந்தச் சத்தமும் இல்லாமல், வாயோ தும்பிக்கையோ இல்லாமல், கடலின் முழுப் பரப்பிலிருந்தும் ஆவியாக எடுத்துக்கொண்டே இருக்கிறது. நம் ஏரிக்கு வரும் மழை அப்படி எடுத்ததுதான். ஆண்டாள் கேட்ட நீரும் அதுதான். குடிக்கிற இடத்தில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குடிப்பதுபோல் தெரிகிற இடத்தில் குடித்தல் நடப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது அறையில் காற்றாடி சுற்றுவதுகூடத் தொந்தரவாக இருக்கும்.

பிளோரிடாவின் தெற்கு முனையில், கீ வெஸ்ட் வரை நீளும் தீவு வரிசை அருகே நீர்த்தூண்கள் ஏராளம். வெதுவெதுப்பான ஆழமற்ற கடல், மந்தமான காற்று, பிற்பகலில் வரிசையாக எழும் மேகங்கள். ஜோசப் கோல்டன் என்ற ஆய்வாளர் 1960களின் இறுதியிலிருந்து அங்கே விமானத்தில் பறந்து அவற்றைப் பார்த்தார். 1974இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றின் வாழ்வை ஐந்து நிலைகளாக எழுதினார். நான்கைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை: கடல்மேல் சுருள்வரி, திவலை வளையம், முழுத் தூண், பிறகு பக்கத்து மழையின் குளிர்ந்த காற்று வந்து நுழைந்ததும் தூண் ஒல்லியாகிக் கயிறுபோல் வளைந்து அறுந்துபோவது. பெரும்பாலானவை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். என்னைப் பிடித்து நிறுத்துவது முதல் நிலை. அதில் தூணே கிடையாது. கடல்மேல் வெளிறிய ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கரும்பரப்பு. மேகத்திலிருந்து எதுவும் நீண்டிருக்காது, அல்லது மேலே சிறு குமிழ்போல் ஒன்று தொங்கும். ஆனால் சுழல் அப்போதே கடலிலிருந்து மேகம் வரை முழுதாக நின்றுகொண்டிருக்கிறது. கடல்மட்டத்தில் தவழ்ந்து சுழலும் காற்றை மேகத்தின் ஏற்றம் மேலே இழுத்து நீட்டுகிறது. நீள நீள ஒடுங்கி, ஒடுங்க ஒடுங்க வேகம் கூடுகிறது. ஈரம் துளியாகும் அளவுக்கு நடுவில் அழுத்தம் குறைந்த பிறகுதான் நாம் அதைப் பார்க்கிறோம். கரும்பொட்டுகளில் பல தூணாக மாறாமலே கலைந்துவிடுகின்றன. அந்தப் பொட்டு விமானத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அதன்மேல் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது தண்ணீரின் நிறத்தில் வந்த ஒரு மாற்றம், கழுத்தில் திசை மாறிப்பட்ட ஒரு காற்று.

கோல்டன் குழுவினர் விமானத்திலிருந்து கடல்மேல் புகைக்குப்பிகளை எறிந்தார்கள். புகை வளைந்து சுற்றிய விதத்திலிருந்து, தெரியாத காற்றின் போக்கைப் படித்தார்கள். இதை வாசித்தபோதுதான் குக்கின் பறவை எனக்குத் திரும்பி வந்தது. கப்பலில் இருந்தவர்களுக்கு அந்தப் பறவைதான் புகைக்குப்பி. நீரோ காற்றோ என்று தயங்கி நின்ற இடத்தில், உள்ளே இருப்பது மேலே ஏறுகிறது, சுழன்று ஏறுகிறது என்ற செய்தியை அது தன் உடம்பால் சொல்லியிருக்கிறது. அதே 1974இல் பிளோரிடாக் கடலில் ஒரு சிறு விமானத்தில் கருவிகளைப் பொருத்தி, நீர்த்தூண்களின் ஊடாகவே ஓட்டிப் பார்த்தார்கள். நடுவில் வெப்பம் கூடுதல், அழுத்தம் குறைவு, காற்று மேல்நோக்கி. பறவை சொன்னதை எண்களாகச் சொன்னார்கள். உறுதிப்படுத்துவதற்கு இருநூறு ஆண்டுகள் ஆயின என்று இதை மகிழ்ச்சியோடு எழுதி முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. புகைக்குப்பிக்கு நடுங்கும் இதயம் கிடையாது. விமானி தெரிந்து போனார், திரும்பி வந்தார்.

அடித்துக் கலைத்துவிடலாம் என்ற எண்ணம் எங்கும் இருந்திருக்கிறது. பீரங்கி சுட்டால் நீர்த்தூண் கலையும் என்று மாலுமிகள் சொல்வதைக் குக் கேள்விப்பட்டிருந்தார். பீரங்கியும் ஆயத்தமாக இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றதில் சுட மறந்துவிட்டதாகவும், அதற்காக வருந்துவதாகவும் எழுதுகிறார். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1755இல், அமெரிக்காவின் மேரிலாண்டில் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தரையில் ஒரு சுழிக்காற்றைப் பார்த்து, அதன் கூடவே குதிரையை ஓட்டி, சாட்டையால் அதைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். மாலுமிகளின் அந்தப் பேச்சைச் சோதிப்பதுதான் நோக்கம். அது கலையவில்லை, காட்டுக்குள் புகுந்து சருகுகளைச் சுருட்டிக்கொண்டு போனது. நிலத்தின் சுழிக்காற்றும் கடலின் நீர்த்தூணும் ஒரே இனம் என்று 1753லேயே பாஸ்டன் மருத்துவர் ஜான் பெர்கின்ஸுக்கு எழுதியிருந்தவர் அவர். எள்ளுக்காட்டில் செருப்பெறிந்த பையனையும் மூன்று தரம் துப்பச் சொன்ன அப்பத்தாவையும் இவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். பீரங்கி, சாட்டை, செருப்பு, எச்சில். உருவம் இருப்பதை அடிக்கலாம் என்று கை நினைக்கிறது. அடிபடுவதற்கு அங்கே ஒரு பொருள் இல்லை; வந்து போகும் காற்று அந்த நொடிக்கு எடுத்துக்கொண்ட வடிவம் மட்டும் இருக்கிறது. ஆற்றுச் சுழியில் நீர் மாறிக்கொண்டே இருக்க, சுழி மட்டும் நிற்பதுபோல.

உருவம் உள்ளதன்மேல் பழி போடுவதும் எளிது. 2024 ஆகஸ்ட் 19 விடியலுக்கு முன் சிசிலியின் போர்ட்டிசெல்லோ கரைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பேயிசியன்’ என்ற பெரிய பாய்மர உல்லாசப் படகு மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். அன்று முதலில் பரவிய சொல் நீர்த்தூண். சில நாட்களில் விசாரணை அதிகாரிகள், அது இடிமேகத்திலிருந்து செங்குத்தாகக் கீழே விழுந்து கடல்மேல் அடித்துப் பரவும் காற்றாக இருந்திருக்கக்கூடும் என்றார்கள். அப்படி விழும் காற்றுக்குக் கரையிலிருந்து பார்க்க ஓர் உருவம் கிடையாது. இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தச் செய்தியைப் படித்த இரவு, உள்ளே தூண் இல்லை என்று எள்ளுக்காட்டில் தெரிந்துகொண்டது முதன்முறையாக எனக்குப் பயத்தைத் தந்தது. அதுவரை அது ஒரு வியப்பாகத்தான் இருந்தது.

ஹாட்ஜஸ் கப்பலில் இருந்தார். அந்த ஆறாவது தூண் தனக்கு ஐம்பது கஜ தூரத்தில் போவதைப் பார்த்திருக்கக்கூடியவர்; அப்போது வயது இருபத்தெட்டு. லண்டனுக்குத் திரும்பி வந்து வரைந்தபோது கப்பலின் தளத்திலிருந்து வரையவில்லை. தான் நிற்காத கரையில் நின்று, தன் கப்பலையே தூரத்தில் சிறிதாக்கி வரைந்திருக்கிறார். ரிச்சர்ட் வில்சனிடம் நிலக்காட்சி படித்தவர், பெரிய ஓவியத்துக்கு அன்றைய இலக்கணம் அதைத்தான் கேட்டது என்று சொல்லலாம். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தவருக்குத் தூண் முழுதாகக் கிடைத்திருக்காது. நுரையும் இருட்டும் அண்ணாந்து பார்த்த கழுத்து வலியும்தான் கிடைத்திருக்கும். தூணை வரைய அவர் அதை விட்டு விலகிப் போக வேண்டியிருந்தது. இதே மனிதர் 1780இல் சென்னைப்பட்டினத்துக்கு வந்தார். ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கிய ஆண்டு அது. ஊருக்குள் போக வழியில்லாமல், உடம்பும் சரியில்லாமல், ஓராண்டுக் காலம் இங்கே அடைபட்டுக் கிடந்துவிட்டுத்தான் வங்காளம் போனார். 1793இல் வந்த தன் இந்தியப் பயண நூலில், கடலிலிருந்து பார்த்த சென்னையை எழுதுகிறார். பளிங்குபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, நீண்ட தூண் வரிசைகள், திறந்த முகப்புகள், அலெக்சாண்டர் காலத்துக் கிரேக்க நகரம்போல இருந்ததாம். அதுவும் விலகி நின்று பார்த்த தூண்தான். அன்று துறைமுகம் இல்லை. கப்பல் வெளியே நிற்க, அலைக்குள் மசூலாப் படகில் ஆட்டங்கொடுத்துக் கரையேற வேண்டும். ஏறி நெருங்கியவர்களுக்கு அந்தக் கிரேக்க நகரம் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஓவியத்தில் கரைப்பாறைமேல் நிற்பவர்கள் யாரென்று முன்பெல்லாம் நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நிலம் அவர்களுடையது. அந்தத் தூண்கள் வந்து போவதை ரெசல்யூஷன் வருவதற்கு முன்பும் பார்த்திருப்பார்கள். இப்போது அந்தப் பாறையில் நானும் நிற்பதாகத் தோன்றுகிறது. என் மேசை அந்தப் பாறைதான். இங்கிருந்து எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது: மேகம், குழாய், திவலை, கப்பல். இந்த ஒழுங்கின்மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அன்று அந்தக் கடலில் தூணுக்குள் இருந்தது அந்தப் பறவை மட்டுமே. அதற்குத் தூண் தெரிந்திருக்காது. இறகைத் திருப்பிய காற்றும் திசை தெரியாத வெளிச்சமும் தெரிந்திருக்கும். கப்பலில் ஜோஹன் ஃபார்ஸ்டர், அவர் மகன் ஜார்ஜ் என்று இரண்டு இயற்கை ஆய்வாளர்கள் இருந்தார்கள். கிடைத்த பறவைகளையெல்லாம் பெயரிட்டு, விவரித்து, வரைந்துகொண்டே போன பயணம் அது. தூணுக்குள் போனது எந்தப் பறவை என்று குக்கின் நூலில் இல்லை.